ஒற்றைக் கியரின் அழகு

பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பக்கம் இன்றும் பால் கேனோடு போகும் பழைய சைக்கிளைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கறுப்பு ஃப்ரேம், 28 அங்குலச் சக்கரம், கேபிளுக்குப் பதில் கம்பியால் இழுக்கும் ராடு பிரேக், செயினை மூடிய கவர். கியர் ஒன்றே ஒன்று. இந்த வகை சைக்கிளைத் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கே தயாரானவைதான். ராலே வண்டியின் முன் பல்சக்கரத்தில் கொக்குத் தலைகளையே வெட்டியிருப்பார்கள். உதிரிபாகத்தில் இவ்வளவு கலையா என்று வியக்க வைக்கும் வேலைப்பாடு அது.

முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குப் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். தாம்பரம் பக்கத்துச் சமதரைக்கு அது தாராளம்.

ஃபிக்ஸட் கியர் இன்னொரு படி மேலே. அதில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் ஓடும்வரை பெடலும் சுற்றியே தீரும். மிதிப்பதை நிறுத்தி, காலை ஓய்வாக வைத்துக்கொண்டு உருள முடியாது. வேகத்தைக் குறைப்பதும் கால்தான். வெலோட்ரோம் எனும் சாய்தளப் பந்தயப் பாதையில் ஓடும் சைக்கிள்களுக்கு பிரேக்கே இல்லை. வண்டலூர் தாண்டி மேலக்கோட்டையூரில் அப்படியொரு பாதை இருக்கிறது.

சாலையில் ஓட்டுவது வேறு கதை. ஜி.எஸ்.டி. சாலைப் பேருந்துகளுக்கு நடுவே ஃபிக்ஸட் ஓட்ட ஆசைப்படுபவர்கள் முன்பிரேக் ஒன்றைக் கட்டாயம் மாட்டிக்கொள்ள வேண்டும்.