டயாலிசிஸ் நோயாளிகளின் வயிற்றுக் கோளாறு: எல்லாம் 'கேஸ்டிரிக்' அல்ல

சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் 3 நாள் டயாலிசிஸுக்குச் சென்று வருபவர்களின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது, நாலு வாய் உண்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது, நெஞ்சு எரிகிறது. "கேஸ்டிரிக்தான்" என்று மருந்துக் கடையில் எதையாவது வாங்கி விழுங்குவதோடு பலர் விட்டுவிடுகின்றனர். சிறுநீரக நோயாளிகளுக்கு இது ஆபத்தான பழக்கம்.

கோளாறு வயிற்றில் மட்டும் இல்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள் இரத்தத்தில் தேங்குவதால் குமட்டலும் பசியின்மையும் வருகின்றன. எச்சிலில் கலக்கும் யூரியா அமோனியாவாக மாறுவதால் வாயில் உலோகச் சுவை தட்டும். மலேசியாவில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணம் இனிப்பு நீர். அந்நோய் நெடுநாள் இருந்தால் இரைப்பையை இயக்கும் நரம்புகள் தளர்ந்து, உண்டது குடலுக்கு இறங்கத் தாமதமாகும். இரும்புச் சத்து மாத்திரையும் சிலருக்கு வயிற்றைப் புரட்டும்.

இவற்றைவிட அஞ்ச வேண்டியது இரத்தக் கசிவு. சிறுநீரக நோயாளிகளுக்கு இரைப்பையில் புண்ணும், எளிதில் கசியும் இரத்த நாளங்களும் ஏற்படும் வாய்ப்பு அதிகம். கழிவு தேங்கிய உடலில் இரத்தத் தட்டணுக்கள் சரிவர வேலை செய்யாததால் கசிவு எளிதில் நிற்காது. டயாலிசிஸின்போது இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கப்படும் ஹெப்பாரின் அதை மேலும் கூட்டலாம்.

மலம் தார்போல் கருத்து, பிசுபிசுப்பாக, துர்நாற்றத்துடன் போவது, காப்பித் தூள் போன்ற வாந்தி, திடீர்த் தலைசுற்றல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். இரும்பு மாத்திரையாலும் மலம் கருக்கும். ஆனால் 'மாத்திரையால்தான்' என்று வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மயக்கமோ இரத்த வாந்தியோ இருந்தால் 999-ஐ அழைக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. அமிலத்தைத் தணிக்கும் சில மருந்துகளில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் சிறுநீரகம் இயங்காத உடலில் தேங்கிவிடும். நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்களில் சோடியம் மிகுதி; அது தாகத்தையும் உடலில் நீரையும் கூட்டும். வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று குடிக்கும் இளநீரில் பொட்டாசியம் அதிகம். அது இதயத் துடிப்பையே பாதிக்கலாம். மூட்டு வலிக்கு எடுக்கும் டைக்லோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். பதிவு பெறாத சில ஜாமு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது குறித்துச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது.

சரியாகச் சாப்பிடாதவரின் எடை குறையவில்லை என்று வீட்டார் நிம்மதி அடைவதும் தவறு. சதை கரைந்த இடத்தை நீர் நிரப்பியிருந்தால் தராசு பழைய எடையையே காட்டும். நோயாளிக்கோ மூச்சு வாங்கும். மூன்று வேளை உணவை ஐந்தாறு சிறு வேளையாகப் பிரித்து, முட்டையின் வெள்ளைக்கரு, மீன், கோழி ஆகியவற்றைச் சொல்லப்பட்ட அளவில் சேர்ப்பது உதவும்.

எந்தத் தொல்லையையும் டயாலிசிஸ் தொடங்கும் முன்பே தாதியிடம் சொல்லிவிட வேண்டும். ஹெப்பாரினைக் குறைப்பதா, நிறுத்துவதா, குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். வாங்கும் மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினால் அவர் வேலை பாதி முடிந்துவிடும்.