றேஸ் ஏறி இறங்கும் பழைய கார்: பணம் செலவழிக்குமுன் பார்க்க வேண்டியவை

சிக்னலில் காரை நிறுத்தி, எக்ஸிலேட்டரிலிருந்து காலையும் எடுத்துவிட்டோம். ஆனால் எஞ்சின் தானாக உறுமி உயர்கிறது, அடங்குகிறது, மீண்டும் உயர்கிறது. பழைய இன்ஜெக்ஷன் கார் வைத்திருக்கும் வியாபாரிகள் பலருக்கு இது பழகிய தொல்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் தொடங்கும் வரை, கைவசமிருந்த தொண்ணூறுகளின் கார்களைப் பழுதுபார்த்தே நம்மவர்கள் காலத்தை ஓட்டினார்கள். அவற்றில் பல இன்னும் சரக்கையும் பிள்ளைகளையும் சுமந்துகொண்டு ஓடுகின்றன.

துணி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் தனது ஹொண்டா சிவிக்குடன் என்னிடம் வந்தார். பிளக் மாற்றியாயிற்று, பெற்றோல் பில்டரும் மாற்றியாயிற்று. கடைசியில் ஒரு கராஜில் "கொம்பியூட்டர் பெட்டி போய்விட்டது" என்று சொல்லி, பஞ்சிகாவத்தையில் வேறு பெட்டி தேடச் சொல்லிவிட்டார்கள். பெருநாள் சரக்குக்கு வைத்திருந்த பணம் அதற்குப் போக இருந்தது.

நான் முதலில் பார்த்தது ரேடியேட்டர் தண்ணீரை. கணிசமாகக் குறைந்திருந்தது.

தண்ணீருக்கும் றேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அக்காலத்து ஹொண்டா எஞ்சின்கள் பலவற்றில், எஞ்சின் குளிராக இருக்கும்போது மேலதிகக் காற்றை உள்ளே விடும் ஒரு வால்வு உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் றேஸ் கூடுதலாக நிற்பது இதனால்தான். சூடான தண்ணீர் பக்கத்தில் ஓடும்போது அதனுள்ளிருக்கும் மெழுகு விரிந்து வால்வு மூடிக்கொள்ளும். தண்ணீர் குறைந்தாலோ, குழாயில் காற்று அடைத்தாலோ அந்தச் சூடு அங்கே போய்ச் சேராது. எஞ்சின் சூடான பிறகும் வால்வு திறந்தே கிடக்கும்.

இனிக் கொம்பியூட்டர் என்ன செய்கிறது என்று பாருங்கள். காலை எடுத்தாயிற்று, ஆனால் எஞ்சின் ஏறத்தாழ 1500 சுற்றுக்கு மேல் ஓடுகிறது. கார் பள்ளத்தில் இறங்குகிறது என்று எண்ணி அது பெற்றோலை நிறுத்துகிறது. றேஸ் விழுகிறது. உடனே பெற்றோலை மீண்டும் விடுகிறது, றேஸ் ஏறுகிறது. ஆக, பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. மாற்றியிருந்தால் புதிய பெட்டியும் அதையே செய்திருக்கும்!

உறுதிப்படுத்துவது எளிது. எஞ்சின் நன்றாகச் சூடான பின் த்ரொட்டில் வாயிலுள்ள காற்றுக் குழாயைக் கழற்றினால் உள்ளே சிறிய துளைகள் தெரியும். கீழ்த்துளையில் விரலை வைத்தால் உறிஞ்சக்கூடாது. உறிஞ்சினால், துளையை மூடியதும் ஆட்டம் நின்றால், காற்று வரும் வழி தெரிந்துவிட்டது.

எஞ்சின் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்து முகம் வெந்தவர்கள் இருக்கிறார்கள். ஹீட்டரைத் திறந்து வைத்து, கூலன்ட் ஊற்றி, காற்றுக் குமிழிகள் வருவது நிற்கும்வரை ஓடவிட வேண்டும். அதோடு வேலை முடிந்துவிடாது. தண்ணீர் எங்கே போனது என்பதே பெரிய கேள்வி. நண்பரின் காரில் ஹீட்டர் குழாயின் கிளிப் தளர்ந்து கசிந்திருந்தது. வெளியில் கசிவே இல்லாவிட்டால் ஹெட் கஸ்கட்டைச் சோதிக்கத்தான் வேண்டும். அதைப் பாராமல் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓடினால் ஒருநாள் எஞ்சின் கொதித்து ஹெட் வளைந்துவிடும். அந்தச் செலவு பெட்டியின் விலையோடு நிற்காது.

தண்ணீர் சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியவை, கரி பிடித்த ஐட்ல் வால்வும் வெடித்த வெக்யூம் குழாய்களும்தான். சந்தேகமான இணைப்பில் சிறிது தண்ணீரை ஸ்ப்ரே செய்யும்போது றேஸ் மாறினால் கசிவு அங்கேதான். பெற்றோலை ஸ்ப்ரே செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு, வேண்டவே வேண்டாம். காபரேட்டர் வாகனங்களின் கதை வேறு, அதில் இந்தப் பெற்றோல் நிறுத்தும் விளையாட்டைப் பெரும்பாலும் காண முடியாது.

பழைய கார் வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்கவும். ஐட்ல் திருகாணியை இறுக்கி இந்த ஆட்டத்தைத் தற்காலிகமாக மறைத்துவிடலாம். குறையை மறைத்து விற்பது கூடாது என்பதைக் கடையில் பேணும் நம்மில் சிலர், காரை விற்கும்போது ஏனோ மறந்துவிடுகிறார்கள். ஆகவே காலையில், எஞ்சின் குளிராக இருக்கும்போதே போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டர் விசிறி சுற்றும்வரை ஓடவிட்டு, பிறகு ஏசியைப் போட்டுப் பாருங்கள். திருகாணியால் மறைத்த எஞ்சின் அப்போது தடுமாறும், சிலவேளை அணைந்தே போகும். நீங்கள் போகும்போதே பொனட் சூடாக இருந்தால், வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.