அறுவடை நாள் இல்லாத செடி

இலை மஞ்சளாகிறது. ஓரம் உப்புக்காற்றில் கருகுகிறது. ஐப்பசி மழையோ விட்டபாடில்லை. பூ முற்றட்டும் என்று விடுவதா, இருப்பது போதும் என்று இப்போதே அறுப்பதா? வீட்டுக்குப் பின்னால் கஞ்சாச் செடி வைத்திருப்பவர் இப்படித்தான் யோசிப்பார். கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலான செங்கல்பட்டுக் கடற்கரையில் வசிப்பவர் அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இந்தச் செடியை வைத்திருக்கவே சட்டம் விடுகிறதா?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 20ஆவது பிரிவில், கஞ்சாச் செடி வளர்ப்பதையே தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. தண்டனை 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். செடி செழிப்பாக இருந்ததா, வாடிக் கிடந்ததா என்பது அங்கே கணக்கில் வராது. தொட்டியில் நின்றாலும் செடி செடிதான்.

அறுத்துவிட்டால் தப்பலாம் என்று நினைப்பவர்தான் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் கஞ்சா என்பது அந்தச் செடியின் பூங்கொத்து. அதைப் பறித்து வைத்த நாளில், வளர்த்த குற்றத்தோடு வைத்திருந்த குற்றமும் சேர்கிறது. ஒரு கிலோ வரை என்றால் அந்த இரண்டாவது குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை. அதைத் தாண்டினால் 10 ஆண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே 10 ஆண்டு, ஜாமீனும் எளிதில் கிடைக்காது. ஆக, அறுவடை என்பது சிக்கலிலிருந்து வெளியே வரும் வழி இல்லை, இன்னும் உள்ளே போகும் வழி.

எனக்கு அதிகக் கவலை தருவது வளர்ப்பவரைவிட இடத்துக்காரர்தான். மாமல்லபுரத்தில் அறையையும் மாடியையும் தோப்பையும் வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. குடியிருப்பவர் என்ன செடி வைத்தால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. தன் நிலத்தில் கஞ்சா பயிராவது தெரிந்தால் உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 46ஆவது பிரிவு. தெரிந்தே சொல்லாமல் விட்டால் அதற்கும் தண்டனை உண்டு. தெரிந்தே இடம் கொடுத்தால் 25ஆவது பிரிவு, குற்றம் செய்தவருக்கு உரிய தண்டனையை இடம் கொடுத்தவருக்கும் தருகிறது. வாடகைப் பத்திரத்தில் பெயர் யாருடையது என்பதைப் போலீஸ் முதல் நாளே பார்க்கும்.

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்தவர் மூன்று செடி வரை வீட்டில் வளர்க்கலாம். அங்கிருந்து வரும் விருந்தினர் அதை இயல்பாகச் சொல்லக்கூடும். அவர் ஊர்ச் சட்டம் அவரோடு விமானம் ஏறி வராது.

சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும் உடம்பு இருக்கிறது. 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரம் அருகேதான். அப்படிப்பட்ட ஈரத்தில் நாட்கணக்காக நிற்கும் பூங்கொத்து வெளியே பச்சையாகத்தான் தெரியும். விரலால் பிளந்தால் உள்ளே பழுப்பாக நொறுங்கும், சாம்பல் நிறத் தூள் பறக்கும், பழைய கோணிப்பை வாடை அடிக்கும். அது பூஞ்சை. பூசணம் பிடித்த கஞ்சாவில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வகையும் கண்டறியப்பட்டிருக்கிறது. அதன் வித்துகள் நுரையீரலில் தங்கி நோயாகலாம். காசநோய் வந்து போனவர், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோருக்கு இது உயிருக்கே ஆபத்து. காயவைத்தால் பூஞ்சை போய்விடும், கொளுத்தினால் செத்துவிடும் என்று நம்ப இடமில்லை. தெளித்த பூச்சிமருந்தும் எங்கும் போவதில்லை. கெட்டுப்போன செடியிலிருந்து நல்லதைப் பிரித்தெடுக்க வழி கிடையாது.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வீணாக யாரும் மாட்டக் கூடாது. புளிச்சகீரையில் ஒரு வகையின் இலை விரல்விரலாகப் பிளந்து கஞ்சா இலையைப் போலவே இருக்கும். அதன் தாவரவியல் பெயரே கஞ்சாவை ஒத்தது என்ற பொருளில் வைத்ததுதான். வாயில் போட்டால் புளிக்கும், செம்பருத்தி மாதிரிப் பூக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மேல் புகார் கொடுப்பதற்கு முன் பூவைப் பாருங்கள்.

உங்கள் நிலத்தில் உண்மையிலேயே கஞ்சாச் செடியைக் கண்டால் அறுக்காதீர்கள், எடுத்து வைக்காதீர்கள். காவல் நிலையத்திலோ 10581 என்ற எண்ணிலோ சொல்லுங்கள். வளர்த்தவர் நீங்களே என்றால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பழக்கத்தை விட முடியாமல் தவிப்பவர் 14446 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். சிறு அளவு வழக்கில், தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெறும் போதைக்கு அடிமையானவருக்கு அதே சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.