ஊட்டி ஏறும் கான்டெஸாவுக்கு எந்த இன்ஜின்?

நீண்ட மூக்கு, அகன்ற முகம், பின்சக்கர இயக்கம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் அறிமுகப்படுத்தி 2002 வரை தயாரித்த கான்டெஸாவை ‘இந்தியாவின் மஸில் கார்’ என்று ரசிகர்கள் கொண்டாடுவது அதன் தோற்றத்துக்காக. பானெட்டுக்குள் முதலில் இருந்தது அம்பாஸடரில் ஓடிய அதே 1,489 சிசி இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன். பிற்பாடு வந்த 1.8 லிட்டர் இசுஸு பெட்ரோல் இன்ஜின் அதை 88 ஆக உயர்த்தியது. 2 லிட்டர் டீசலும் உண்டு. எதைப் போட்டாலும் சுற்றிலும் இடம் மிச்சமிருக்கும். காரணம், இந்த உடல் பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டருடையது. அங்கே இதே உடலில் 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினை வைத்து ‘வென்டோரா’ என்று விற்றார்கள்.

அந்தக் காலி இடம்தான் ஆசையைக் கிளப்புகிறது. பழைய கான்டெஸாவை வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள், பெயின்ட்டும் சீட்டும் முடிந்ததும், ‘இன்னும் பெரிய இன்ஜின் போட்டால் என்ன?’ என்று கேட்கத் தொடங்குவார்கள். கார் குன்னூரிலோ ஊட்டியிலோ ஓடப்போகிறது என்றால், இயற்பியலையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டியின் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். குளிரில் காற்று சற்று இறுகுவதால் இழப்பு கொஞ்சம் ஈடாகிறது. அப்படியும் பிஸ்டன் ஒவ்வொரு முறை உறிஞ்சும்போதும் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவாகவே உள்ளே வரும். 88 குதிரைத்திறன் அங்கே 70-ஐ ஒட்டி நிற்கும்; 50 என்பது 40 ஆகிவிடும். அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைப் பந்தயம் 4,300 மீட்டர் உயரத்தில் முடிகிறது. 2018-ல் அந்தப் பாதையை 8 நிமிடத்துக்குள் ஏறிச் சாதனை படைத்த ஃபோக்ஸ்வாகன், காற்றே தேவைப்படாத மின்சாரக் கார்.

ஆனால், மலை ஏற அவ்வளவு சக்தி வேண்டுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு காரின் எடை 1,500 கிலோ. 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஏற்றம். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். புவியீர்ப்பை வெல்ல 13 கிலோவாட் வேண்டும். டயரின் உருள்தடை, காற்றுத் தடை எல்லாம் சேர்த்தால் 16 கிலோவாட். சக்கரத்துக்கு வெறும் 22 குதிரைத்திறன் வந்து சேர்ந்தால் போதும்! அந்தக் காலத்து 50 குதிரைத்திறன் கார்கள் குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்துகொண்டு ஊட்டி போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

பிறகு எங்கே திணறல்? கல்லாறு தாண்டியதும் வரும் கொண்டை ஊசி வளைவுகளில். எதிரே பஸ் இறங்கி வருகிறது. வழிவிட்டு, வேகம் 20-க்கு விழுந்து, இரண்டாவது கியரில் மறுபடி மிதிக்கிறோம். அப்போது இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,500 சுற்றில் இருக்கும். விளம்பரத்தில் போட்ட 88 குதிரைத்திறனோ 5,000 சுற்றில் கிடைப்பது. மலைச் சாலையில் அந்தச் சுற்றை எட்டும் சந்தர்ப்பமே அபூர்வம். எனவே ‘மொத்தம் எத்தனை குதிரைத்திறன்’ என்பதை விட்டுவிட்டு, ‘1,500 முதல் 2,500 சுற்றுக்குள் எவ்வளவு டார்க்’ என்று கேட்க வேண்டும்.

இங்கேதான் டர்போ பலரை ஏமாற்றுகிறது. புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது டர்போவின் வேலை. மெல்லிய காற்றுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் 1,500 சுற்றில் வரும் கொஞ்சப் புகை பெரிய டர்போவைச் சுழற்றாது. அது விழித்துக்கொள்ளும்வரை இன்ஜின் தன் சொந்த மூச்சில்தான் இழுத்தாக வேண்டும், அதுவும் ஊட்டிக் காற்றில். சிறிய இன்ஜினும் பெரிய டர்போவும் சேர்ந்த ஜோடி நேர்சாலையில் பறக்கும், வளைவில் நின்றுவிடும். கொள்ளளவு போதுமானதாகவும் டர்போ சிறியதாகவும் இருப்பதே மலைக்கு ஒத்துவரும்.

கார்புரேட்டர் கதை வேறு. காற்று மெலிந்தது அதற்குச் சரியாகத் தெரியாது; பெட்ரோலைத் தேவைக்கு அதிகமாகவே விடும். சமவெளியில் ட்யூன் செய்த காரை ஊட்டியில் சில நாள் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், காபித்தூள் நிறத்தில் இருக்க வேண்டிய நுனியில் கரி படிந்திருக்கும். பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சிறியதாகப் போட்டால் ஊட்டியில் சரியாகும்; அதே ஜெட்டோடு கோயம்புத்தூர் வெயிலில் விரட்டினால் கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும். மேலும் கீழும் போய்வரும் காருக்கு, சென்சார் பார்த்து அளந்து கொடுக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான் தீர்வு.

ஏற்றத்தைவிட எனக்குக் கவலை இறக்கத்தில். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரும்போது 1,500 கிலோ கார் கைவிடும் ஆற்றல் சுமார் 28 மெகாஜூல். 80 லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். பிரேக் மட்டும் அதைத் தாங்கினால் பேட் தீயும், பிரேக் ஆயில் கொதிக்கும். 36 வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில் தாழ்ந்த கியரில் இறங்கச் சொல்வது இதற்காகவே. மேட்டுப்பாளையம் பாதையில் ஓடும் மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு நீராவி இன்ஜின்கள்கூட, இறங்கும்போது சிலிண்டரையே காற்றமுக்கும் பம்பாக்கி வேகத்தைப் பிடிக்கின்றன.

பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் மூடி, பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்து உழைக்கும். கார் கட்டுக்குள் நிற்கும். பழைய டீசல்கள் பலவற்றில் அந்த த்ராட்டில் இல்லாததால் பிடிப்பு குறைவு. பிரேக்கை லேசாக்கும் பூஸ்டருக்கும் அந்த வெற்றிடமே உயிர். பெட்ரோல் காரில் டீசலைப் பொருத்துகிறவர் தனியாக வேக்குவம் பம்ப் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்; பல ஜப்பானிய டீசல்களில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும். மாற்றும்போது அந்த ஆல்டர்னேட்டரை விட்டுவிட்டால், பர்லியார் இறக்கத்தில் பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

அமெரிக்க வி8 போடலாமா? 1964 போன்டியாக் ஜிடிஓவின் 6.4 லிட்டர் இன்ஜினில் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் டார்க் மிச்சமிருக்கும், உண்மைதான். ஆனால் முன் ஆக்ஸிலில் ஏறும் எடை வளைவில் காரை வெளியே தள்ளும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ரேடியேட்டர், பிரேக் எல்லாவற்றையும் மாற்றிய பிறகு அதில் கான்டெஸா என்று மிஞ்சுவது தகரம்தான். நான் தேர்ந்தெடுப்பது அந்த 1.8 இசுஸு பெட்ரோலையே: சிலிண்டரைச் சீராக்கி, இன்ஜெக்‌ஷன் பொருத்தி, மிச்சப் பணத்தைப் பிரேக்குக்கும் ரேடியேட்டருக்கும் செலவழிப்பேன். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் அதை அடக்கி வைக்கிறது. விலை குறைந்த அந்த மூடியை முதலில் மாற்றுங்கள். வேறு இன்ஜின்தான் வேண்டும் என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் அதை ஏற்றிய பிறகே மலைக்குக் கிளம்ப வேண்டும்.