ஒரு பென்னி கைமாறினால் பேச்சு மாறக்கூடாது

மலேசியாவில் ஒருவர் குடியிருந்த வீட்டை இன்னொருவர் வாங்கும்போது, வழக்கமாக விலையில் 2 அல்லது 3 விழுக்காட்டை முதலில் கொடுப்பார். இதை ‘எர்னஸ்ட் டெப்பாசிட்’ என்பார்கள். நம் மொழியில் அச்சாரம். ‘எர்னஸ்ட்’ என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் இங்கிலாந்தின் 800 ஆண்டுக்கும் மேற்பட்ட சட்ட வரலாறு இருக்கிறது.

அக்கால இங்கிலாந்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. விலை பேசி முடித்ததும், வாங்குபவர் ஒரு சிறு காசை விற்பவரிடம் கொடுப்பார். விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. பேச்சு முடிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். வணிகர்கள் அதைக் ‘கடவுளின் பென்னி’ என்று அழைத்தனர்.

பின்வாங்கினால் என்ன ஆகும்? 1180களில் எழுதப்பட்ட ‘கிளான்வில்’ சட்ட நூலின்படி, வாங்குபவர் பின்வாங்கினால் அச்சாரத்தை இழப்பார். விற்பவர் பின்வாங்கினால் இரு மடங்காகத் திருப்பித் தரவேண்டும் என்றது 13ஆம் நூற்றாண்டின் ‘பிராக்டன்’ நூல். வணிகர்களின் வழக்கம் இன்னும் கடுமையானது. 1303இல் முதலாம் எட்வர்ட் மன்னர் வெளிநாட்டு வணிகர்களுக்கு அளித்த சாசனம், கடவுளின் பென்னி கைமாறியபின் எவரும் பின்வாங்கக்கூடாது என்றது.

பொருளுக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் அச்சாரம் உண்டு. பண்ணை வேலையாட்களைத் தேர்ந்தெடுக்கும் சந்தைகளில், முதலாளி ஒரு சிறு காசைக் கொடுப்பார். அதைப் பெற்றுக்கொண்டவர் பெரும்பாலும் ஓராண்டு வேலைக்கு ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

1677ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டமும் இந்த வழக்கத்தை ஏற்றது. 10 பவுனோ அதற்கு மேலோ பெறும் சரக்கு விற்பனை நீதிமன்றத்தில் செல்ல வேண்டுமானால், கையொப்பமிட்ட குறிப்பு வேண்டும். அல்லது வாங்குபவர் சரக்கில் ஒரு பகுதியைப் பெற்றிருக்க வேண்டும். அல்லது அச்சாரமோ விலையில் ஒரு பகுதியோ கொடுத்திருக்க வேண்டும். இந்த விதி இங்கிலாந்தில் 1954இல்தான் நீக்கப்பட்டது.

அன்று பணயமாக இருந்தது ஒரு பென்னி. இன்று 400,000 ரிங்கிட் வீட்டுக்கு 2 விழுக்காடு என்றாலே 8,000 ரிங்கிட். ஆனால் கேள்வி அதேதான்: பின்வாங்கினால் பணம் யாருக்கு? வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் திரும்ப வருமா? இதற்கான பதில், பணம் கைமாறுவதற்கு முன்பே எழுத்தில் இருப்பது நல்லது.