ஓவரின் முதல் பந்தை விழுங்குவது யார்?

மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகும் சாலையில், உள்ளே போக முறை வராத கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். ஐபிஎல் மாதங்களில் பொழுது சாய்ந்தபின் அந்த வழியாகப் போனால் லாரிக்குள் செல்போனிலும், எதிரே டீக்கடையில் கேபிள் டிவியிலும் ஒரே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். டீக்கடையில் கூச்சல் கிளம்பி அடங்கியபிறகுதான் லாரிக்குள் விக்கெட் விழும். டீக்கடையில் இருப்பவர்களின் குறை வேறு. விளம்பரம் முடிந்து மைதானம் தெரியும்போது ஓவரின் முதல் பந்து போய்ச் சேர்ந்திருக்கும். பவுலர் அடுத்த பந்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருப்பார்.

இவற்றில் நாம் பொறுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பொறுத்துக்கொள்ளவே கூடாதவையும் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுத் திட்டுவதால்தான் எந்தக் குறையும் தீராமல் கிடக்கிறது.

செல்போனில் ஆட்டம் பிந்துவது தொழில்நுட்பத்தின் இயல்பு. இணையம் வழியாக வரும் காட்சி சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, சர்வர்களில் ஏறி, நடுவில் அறுந்துவிடாமல் இருக்கச் சில துண்டுகளை போன் முன்கூட்டியே சேர்த்துவைத்த பிறகே ஓடத் தொடங்குகிறது. மழையும் அப்படித்தான். வீட்டு மாடியில் இருக்கும் சின்ன டிஷ், கு பேண்ட் எனப்படும் அலைவரிசையில் சிக்னல் வாங்குகிறது. கனமழை அதை உறிஞ்சிவிடும். 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்கள் உலகக் கோப்பை அக்டோபர், நவம்பரில்தான் வந்தது. அது நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். பழவேற்காடு முதல் எண்ணூர் வரை கடலோரக் குப்பங்களில் டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பெரிய டிஷ் வைத்து சி பேண்டில் சிக்னல் வாங்கும் கேபிள்காரருக்கு மழைத் தொல்லை குறைவு.

முதல் பந்து காணாமல் போவது மழையாலும் அல்ல, இணையத்தாலும் அல்ல. அது பணக் கணக்கு.

2022 ஜூனில் நடந்த ஏலத்தில், 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஆட்டங்களை இந்தியாவில் தொலைக்காட்சியில் காட்டும் உரிமை மட்டும் 23,575 கோடி ரூபாய்க்குப் போனது. 410 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 57.5 கோடி. ஓர் ஆட்டத்தில் 240 பந்துகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பந்துக்கு ஏறக்குறைய 24 லட்சம். அந்தப் பணத்தில் பெரும்பங்கை விளம்பரத்தில்தான் எடுக்க வேண்டும். விளம்பரம் பத்து நொடி கணக்கில் விற்கப்படுகிறது. இரண்டு ஓவர்களுக்கு நடுவே கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. சர்வதேச ஒருநாள், டி20 ஆட்டங்களில் 60 நொடிக்குள் அடுத்த ஓவரைத் தொடங்க வேண்டும் என்று ஐசிசி கடிகாரமே வைத்துவிட்டது. ஐம்பது நொடிக்கு விளம்பரத்தை அடுக்கிவைத்த நேரத்தில், சுழற்பந்து வீச்சாளர் நாற்பதாவது நொடியில் தயாராகிவிட்டால் பலியாவது பந்துதான்.

இந்த இடத்தில் விதி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் கேபிள் டிவி விதிகளில் ஏழாவது விதிதான் விளம்பர நெறிமுறை. அதன் 11ஆம் உட்பிரிவு மணிக்கு 12 நிமிடம் என்று உச்சவரம்பு வைக்கிறது. அதிலும் 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரத்துக்கு. ஐபிஎல்லில் டைம் அவுட் உட்பட 90 நிமிடத்தில் 20 ஓவர் முடிய வேண்டும். அதாவது மணிக்குச் சுமார் 13 ஓவர். ஓவர் இடைவெளி ஒவ்வொன்றிலும் 45 நொடி விளம்பரம் போட்டாலே பத்து நிமிடத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் இரண்டரை நிமிட டைம் அவுட் இருக்கிறது, விக்கெட் விழும்போது கிடைக்கும் இடைவெளி இருக்கிறது. வரம்பு எத்தனை எளிதில் உடையக்கூடியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதைவிட முக்கியமானது 10ஆம் உட்பிரிவு. விளம்பரம் நிகழ்ச்சியில் எந்த வகையிலும் குறுக்கிடக் கூடாது என்று சொல்லி, திரையின் அடிப்பகுதியில் ஓடும் வாசகங்களை உதாரணமாகவே காட்டுகிறது அது. இப்போது ஆட்டம் நடக்கும்போதே படம் சுருங்கி மூலைக்குப் போகிறது. இடதுபுறமும் கீழேயும் ஒரு சோப்போ சிமெண்டோ வந்து உட்காருகிறது. பேட்ஸ்மேன் ஸ்டான்ஸ் எடுக்கும்போது ஸ்லிப்பில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்க முடியவில்லை. இது வெளிப்படையான விதிமீறல் என்பதே என் வாசிப்பு.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் இதைப் புரிந்துகொண்டுதான் ஒரு நல்ல ஒழுங்குமுறை கொண்டுவந்தது. நேரடி விளையாட்டு ஒளிபரப்பில் ஆட்டம் நிற்கும்போது மட்டுமே விளம்பரம் வர வேண்டும், திரையின் ஒரு பகுதியில் விளம்பரம் கூடாது என்றது. சேனல்கள் எதிர்த்தன. 2013இல் திருத்தம் வந்தபோது அந்தப் பகுதிகள் நீக்கப்பட்டு 12 நிமிட வரம்பு மட்டும் மிஞ்சியது. அதையும் எதிர்த்துச் சில சேனல்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போய், தங்கள் மீது நடவடிக்கை எடுக்கத் தடை பெற்றன. ரசிகனுக்காக எழுதப்பட்ட ஒரே விதி ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வேதனை.

வர்ணனைக்கு வருவோம். வர்ணனையாளர் ஏன் எல்லாவற்றையும் புகழ்கிறார் என்று கேட்பவர்கள், அவருக்குச் சம்பளம் தருவது யார் என்பதைப் பார்க்க வேண்டும். ஐபிஎல், இந்திய அணி உள்நாட்டில் ஆடும் இருதரப்புத் தொடர்கள் ஆகியவற்றின் படப்பிடிப்பைக் கிரிக்கெட் வாரியமே தன் கையில் வைத்திருக்கிறது. 2013 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் தொடங்கிய ஆஸ்திரேலிய டெஸ்ட் தொடருக்கு இயன் சேப்பலை அழைத்தார்கள். அணித் தேர்வு, டிஆர்எஸ், வாரிய நிர்வாகம் பற்றிப் பேசக் கூடாது என்றதும் அவர் மறுத்துவிட்டார். 2016இல் ஐபிஎல் தொடங்கும் நேரத்தில் ஹர்ஷா போக்லே விலக்கப்பட்டார். 2020இல் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் வாரியத்தின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். மற்றவர்களுக்கு இதைவிட எச்சரிக்கை வேண்டுமா?

தமிழ் வர்ணனைக்கு இன்னொரு சங்கடம் உண்டு. 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்தது உண்மையில் மகிழ்ச்சியான செய்தி. ஆனால் தமிழில் பேசுபவர்கள் பெரும்பாலும் மைதானத்தில் இல்லை, ஸ்டுடியோவில் உட்கார்ந்து நாம் பார்க்கும் அதே திரையைப் பார்த்துப் பேசுகிறார்கள். கேமரா காட்டாத ஃபீல்டரை அவர்களாலும் காண முடியாது. சொல்ல விஷயம் குறையும்போது அரட்டையும் சத்தமும் அந்த இடத்தை நிரப்புகின்றன. அகில இந்திய வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணித்ததைக் கேட்டவர்கள் படமே இல்லாமல் களத்தைக் கண்டார்கள். அவர் மைதானத்தில் இருந்தார் என்பது அதற்கு ஒரு காரணம்.

பிடிக்காவிட்டால் வேறு சேனல் பார் என்பார்கள். வேறு சேனல் எங்கே இருக்கிறது? 1993 ஹீரோ கோப்பை ஆட்டங்களை யார் ஒளிபரப்புவது என்ற தகராறில் எழுந்த வழக்கில், அலைக்கற்றை பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004இல் இந்திய அணி பாகிஸ்தான் போனபோது உரிமை ஒரு கட்டணச் சேனலிடம் மட்டும் இருந்தது. அப்போது சென்னையில் கட்டணச் சேனலுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயம், பல வீடுகளில் பெட்டி இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போன வழக்கால் தூர்தர்ஷனில் ஆட்டம் தெரிந்தது. 2007இல், முக்கிய ஆட்டங்களின் சிக்னலைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்பது சட்டமானது. ஆனால் 2017 ஆகஸ்டில், பகிரப்படும் சிக்னலைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் சொந்த இலவச டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேபிள் இணைப்புள்ள வீட்டில் தூர்தர்ஷனைத் திருப்பினால் இந்தியா ஆடும் நேரத்தில் வேறு நிகழ்ச்சி ஓடுவது இதனால்தான். இதை மாற்ற 2018இல் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கேபிள் வீடுகளுக்கு அதனால் இன்றுவரை விடிவு வரவில்லை.

ஆனால் திரையைச் சுருக்கும் விளம்பரத்தைத் தட்டிக்கேட்கப் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. 2021 ஜூனில் கேபிள் டிவி விதிகள் திருத்தப்பட்டு, விளம்பர நெறிமுறை மீறப்பட்டால் பார்வையாளர் யார் வேண்டுமானாலும் சேனலுக்கு எழுத்தில் புகார் தரலாம் என்றானது. 24 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் மேல் மத்திய அரசின் குழு இருக்கிறது. புகாரில் சேனல் பெயர், தேதி, நேரம், எந்த ஓவர், எந்த விளம்பரம் என்று எழுதி, சுருங்கிய திரையை போனில் படமெடுத்துச் சேருங்கள். ஏழாவது விதியின் 10ஆம் உட்பிரிவு என்று எண்ணோடு குறிப்பிட மறக்காதீர்கள்.