சீனாவிலும் இந்தியாவிலும் அந்நிய மூலதன வரத்து

அந்நிய தேசத்தார் நமது நாட்டில் இத்தனை கோடி முதலீடு செய்யப் போகின்றனர் என்னும் செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வெளிவருகின்றது. தொழிற்சாலைக்கு நிலம் வேண்டியிருத்தலால், இச்செய்தி பட்டணத்து வர்த்தகர்களுக்கு மட்டுமன்றி, நிலச்சுவான்தார்களுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் நேர் சம்பந்தமுடையதாகும். சீனாவும் இந்தியாவும் ஜனத்தொகையில் ஏறக்குறைய ஒத்தவை. நெடுங்காலம் விவசாயத்தையே பிரதானமாகக் கொண்டிருந்தவை. ஆயினும், அந்நிய மூலதனம் இவ்விரு தேசங்களிலும் வெவ்வேறு வேகத்தில் வந்து சேர்ந்தது. அதன் காரணங்களையும், அவற்றினின்று நாம் அறியத்தக்கவற்றையும் சுருக்கமாகக் கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

வெளிநாட்டார் பங்குச் சந்தையில் இன்று வாங்கி நாளை விற்றுச் செல்லும் பணம் ஒரு வகை. ஒரு கம்பெனியில் 10 சதவிகிதத்திற்குக் குறையாத பங்கை ஏற்று, அதன் நிர்வாகத்தில் நிலையான தொடர்பு கொள்ளும் பணம் மற்றொரு வகை. பின்னதே அந்நிய நேரடி முதலீடு எனப்படும். முன்னது காட்டாற்று வெள்ளத்தையும், பின்னது கிணறு வெட்டுதலையும் ஒக்கும்.

சீனாவில் மாறுதல் முதன்முதல் வயலிலேயே தொடங்கிற்று என்பது கவனிக்கத்தக்கது. 1978-ஆம் வருஷத்திற்குப் பின் கூட்டுப்பண்ணை முறை தளர்ந்து, குடும்பத்திற்கு இவ்வளவு நிலம் என்று பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவ்வருஷம் சுமார் 30 கோடி டன்னாக இருந்த தானிய விளைவு, 1984-ல் 40 கோடி டன்னுக்கு மேல் உயர்ந்தது. வயலில் மிகுந்த ஆட்கள் தொழிற்சாலை வேலைக்குக் கிடைத்தனர். 1979-ல் அந்நியருடன் கூட்டுக் கம்பெனி அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1980-ல் ஷென்ஜென், ஜூஹாய், ஷாந்தோ, ஷியாமென் ஆகிய நான்கு இடங்கள் விசேஷப் பொருளாதார மண்டலங்களாயின. 1984-ல் மேலும் 14 கடற்கரை நகரங்கள் திறந்துவிடப்பட்டன. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக ஸ்தாபனத்தில் அங்கத்தினராயிற்று.

இந்தியாவிலோ, 1973-ஆம் வருஷத்து அந்நியச் செலாவணிச் சட்டத்தினால் பெரும்பாலான கம்பெனிகளில் அந்நியர் பங்கு 40 சதவிகிதத்திற்கு மேற்படாதவாறு கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1991 ஜூலையில் வெளியான புதிய தொழிற் கொள்கையே 34 முக்கியத் தொழில்களில் 51 சதவிகிதம் வரை அந்நியர் பங்கிற்குத் தாமதமின்றி அனுமதி வழங்க வகை செய்தது. ஆகவே, சீனாவுக்குப் பன்னிரண்டு வருஷம் பிந்தியே நாம் கதவைத் திறந்தோம்.

ஐக்கிய நாடுகளின் வர்த்தக அபிவிருத்தி மகாநாட்டார் கணக்கின்படி, வருஷந்தோறும் வந்த தொகையில் சில வருஷங்களுக்குரியவை வருமாறு (உத்தேசமாக, கோடி டாலரில்):

1990: சீனா 350, இந்தியா 24
2000: சீனா 4,070, இந்தியா 360
2008: சீனா 10,800, இந்தியா 4,700
2020: சீனா 14,900, இந்தியா 6,400
2024: சீனா 11,600, இந்தியா 2,760

1990-ல் சீனாவின் வரத்து நம்மைப்போல் ஏறத்தாழ பதினைந்து மடங்கு. 2008-லும் 2020-லும் இரண்டேகால் மடங்கு அளவே. 2024-ல் நான்கு மடங்குக்குச் சற்று அதிகம். 2024-ல் சீனாவின் வரத்தும் முந்திய வருஷத்தைக் காட்டிலும் கால்பங்குக்கு மேல் குறைந்தது.

இக்கணக்கை வாசிப்பதில் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, மொத்த மகசூலை மட்டும் பார்த்து இருவரில் எவர் நல்ல விவசாயி என்று தீர்மானித்தல் கூடாது. ஏக்கருக்கு என்ன கண்டது என்று கேட்க வேண்டும். சீனாவின் தேசிய உற்பத்தி நமதைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்றே குறைவு. அதனோடு சேர்த்துப் பார்த்தால், 2024-ல் இரு தேசங்களும் உற்பத்தியில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே பெற்றன. அவ்விகிதத்தில் நாம் தாழ்ந்தவரல்லர்.

இரண்டாவது, ஏரிக்கு வரும் நீரைப் பார்ப்பவர் கலங்கல் வழியே வெளியேறும் நீரையும் பார்க்க வேண்டும். ரிசர்வ் பாங்கியின் கணக்குப்படி, 2024-25-ல் இந்தியாவுக்கு வந்த மொத்த நேரடி முதலீடு 8,000 கோடி டாலருக்குச் சற்று மேல். ஆனால், அந்நியர் தம் பங்கை விற்று எடுத்துச் சென்றதும், நம் கம்பெனிகள் வெளிநாட்டில் முதலிட்டதும் போக, நிகரமாக நின்றது 100 கோடி டாலருக்கும் குறைவேயாம். மொத்தத்தைக் கூறுவோரும் நிகரத்தைக் கூறுவோரும் ஒரே வருஷத்தைப் பற்றிப் பேசினும், இருவர் பேச்சும் வெவ்வேறாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

இனி நில விஷயம். சீனாவில் கிராம நிலம் குடியானவரின் தனிச்சொத்தன்று, கிராமத்தாரின் கூட்டுச்சொத்து. சர்க்கார் அதனை எடுத்துத் தொழிற்சாலைகளுக்கு விரைவில் வழங்க முடிந்தமை, அங்கு மூலதனம் பெருகியதற்கு ஒரு காரணமாகும். 1998-ஆம் வருஷத்துச் சட்டப்படி, நஷ்டஈடு நிலத்தின் சராசரி வருஷ விளைவின் மதிப்பை வைத்தே கணக்கிடப்பட்டது. நிலஈடும் குடியேற்ற உதவியும் சேர்ந்து அதில் 30 மடங்குக்கு மேற்படலாகாது. தொழிற்சாலை வந்தபின் நிலம் பெறும் விலையேற்றம் குடியானவர் கைக்கு வரவில்லை. 2019-ல் செய்த திருத்தத்தினாலேயே இவ்வரம்பு நீங்கிற்று.

நமது நாட்டில் 1894-ஆம் வருஷத்துச் சட்டத்திற்குப் பதிலாக 2013-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, கிராமப்புறத்தில் சந்தை மதிப்பை ஒன்று முதல் இரண்டு மடங்கு வரை பெருக்கி, அதனோடு 100 சதவிகித ஆறுதல் தொகையும் சேர்க்கப்படும். தனியார் கம்பெனிக்காக எடுப்பதாயின், பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவிகிதத்தாரின் சம்மதமும் வேண்டும். ஆனால், தமிழ்நாட்டில் 1997-ஆம் வருஷத்துத் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்தின்படி எடுக்கப்படும் நிலங்களுக்கு இச்சம்மத விதி பொருந்துவதில்லை. அச்சட்டத்தை 2019-ல் சட்டசபை புதுப்பித்துள்ளது. ஆகவே, எச்சட்டத்தின் கீழ் அறிவிப்பு வந்துள்ளது என்பதைப் பட்டாதாரர்கள் முதற்கண் விசாரித்தறிதல் வேண்டும்.

வந்த மூலதனம் என்றும் நிலைக்கும் என்றெண்ணுதலும் தகாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய அந்நியக் கைப்பேசித் தொழிற்சாலையொன்று 2014-ல் மூடப்பட்டதைப் பலரும் அறிவர்.

ஆகையால், முதலீட்டுச் செய்தி கேட்டவுடன் நிலத்தை அவசரமாக விற்றலும், கடன் வாங்கிப் பக்கத்து நிலத்தை வாங்குதலும் விவேகமாகா. சொல்லப்படும் தொகை ஒப்பந்தத்தில் எழுதியதா, உண்மையில் வந்ததா, எத்தனை வருஷத்திற்குரியது என்று கேட்டல் நலம். கிராம உத்தியோகஸ்தர்கள், பட்டா, அடங்கல், உட்பிரிவு ஆகியவற்றை அறிவிப்பு வருவதற்கு முன்னரே திருத்தமாக வைத்திருப்பார்களாயின், நஷ்டஈடு உரியவர் கைக்குத் தடையின்றிப் போய்ச் சேரும். அந்நிய மூலதனம் வருவதும் போவதும் நம் வசத்திலில்லை. நிலத்தின் கணக்கு நம் வசத்திலுள்ளது.